நிக்கதேம் கேட்ட கேள்வி

ஒரு கொடுங்கொலை பற்றிய செய்தி நாளிதழில் வெளியான மறுநாள், ராசிபுரம் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் எழும் பேச்சை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். "இவனுக்கெல்லாம் விசாரணை எதற்கு? வக்கீல் எதற்கு?" என்பதே அப்பேச்சின் சாரம். அதில் நியாயமான கோபம் ஒன்று இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கண்ணீரைக் கண்டு கொதிக்காத நெஞ்சம் நெஞ்சமன்று. ஆயினும் அந்தக் கோபம் சட்டமன்றத்திற்குள் நுழைந்து சட்டமாகவே உருவெடுக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது. அவ்வேளைகளில் தனித்து எழுந்து "பொறுங்கள்" என்று சொன்னவர்களை நினைவுகூர்வது நமக்கு நல்லது.

அவர்களுள் முதலில் நம் நினைவுக்கு வருபவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். இளமையில் சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஆசிரியராய் இருந்தவர். கோகலேயின் மறைவுக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர். புரட்சியாளர்களின் வன்முறையை என்றும் ஆதரியாத மிதவாதி. முதல் உலகப் போர் முடிந்ததும், போர்க்காலத்துப் பாதுகாப்புச் சட்டம் காலாவதியாகுமுன் அதன் கடுமையைத் தொடர ஆங்கில அரசு விரும்பிற்று. நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த குழு அதற்கு வழி வகுத்தது. அக்குழுவில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியாரும் ஓர் உறுப்பினர். ஒரு தமிழர் பரிந்துரைத்ததை மற்றொரு தமிழர் எதிர்க்க வேண்டியதாயிற்று.

அம்மசோதா கூறியது என்ன? அரசுக்கு எதிரான சதி என்று ஐயுறப்படுபவரை விசாரணையின்றியே சிறையிலடைக்கலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட தனி நீதிமன்றம் மூடிய கதவுகளுக்குள் வழக்கை விசாரிக்கலாம். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை.

மேல்முறையீடு என்பதன் அருமையைச் சேலத்து மக்கள் முன்பே அறிந்திருந்தார்கள். 1882ஆம் ஆண்டு சேலத்தில் நிகழ்ந்த கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வழக்கறிஞர் விஜயராகவாச்சாரியாருக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து அவர் விடுதலை பெற்றார். அந்த ஒரு வாயில் அடைபட்டிருந்தால், 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அப்பெருமகனார் ஒரு கைதியாகவே மறைந்திருப்பார்.

1919 பிப்ரவரியில் பேரரசின் சட்டமன்றத்தில் சாஸ்திரியார் எழுந்து பேசினார். தீய சட்டம் ஒன்று நிறைவேறிவிட்டால் அது தீயவர்மீது மட்டுமே பாயும் என்பதற்கு உறுதியில்லை. அச்சம் மேலிடும்போது அரசுகள் நிலைதடுமாறுகின்றன. அப்போது நாட்டின் மிக உயர்ந்த மனிதர்களும் ஐயத்துக்கு ஆளாகின்றனர் என்பதே அவர் வாதத்தின் சாரம். குற்றவாளிகளின்பால் இரக்கம் காட்டுமாறு அவர் வேண்டவில்லை. அதிகாரத்தைக் கையில் வைத்திருப்போர் தம் அச்சத்தை அஞ்ச வேண்டும் என்றே எச்சரித்தார்.

அன்று பார்வையாளர் பகுதியில் காந்தியடிகள் அமர்ந்திருந்தார். அரசப் பிரதிநிதி மெய்ம்மறந்து கேட்பதுபோல் தோன்றியதாகவும், ஆனால் உறங்குபவரை எழுப்பலாம், உறங்குவதுபோல் பாசாங்கு செய்பவரை எழுப்ப இயலாது என்றும் பின்னாளில் அவர் தம் சுயசரிதையில் குறிப்பிட்டார். இந்திய உறுப்பினர்களின் எதிர்ப்பையும் மீறி மார்ச் 18 அன்று மசோதா நிறைவேறிற்று. சேலத்திலிருந்து அப்போதுதான் சென்னைக்குக் குடிபெயர்ந்திருந்த இராஜாஜியின் இல்லத்தில் தங்கியிருந்தபோதே நாடெங்கும் கடையடைப்பு என்னும் எண்ணம் காந்தியடிகளுக்கு உதித்தது. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் துப்பாக்கிகள் முழங்கின. அரசுக் கணக்கின்படியே 379 உயிர்கள் பலியாயின. எந்தச் சட்டத்திற்காக இவ்வளவு குருதி சிந்தப்பட்டதோ, அது நடைமுறையில் பயன்படுத்தப்படாமலேயே 1922இல் நீக்கப்பட்டது.

அந்நியர் போனால் இந்நிலை மாறும் என்று நம் முன்னோர் நம்பினர். ஆனால் ஆட்சியாளரின் நிறம் மாறுவதால் அதிகாரத்தின் இயல்பு மாறிவிடுவதில்லை. அடக்குமுறைச் சட்டங்களால் சிறை சென்ற காங்கிரசார் 1937இல் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்தனர். மறு ஆண்டு கட்டாய இந்தியை எதிர்த்துக் கிளர்ந்தவர்கள்மீது, தாங்களே முன்பு கண்டித்த குற்றவியல் திருத்தச் சட்டத்தையே முதலமைச்சர் இராஜாஜியின் அரசு ஏவிற்று. சட்டமன்றத்தில் எதிர்வரிசையில் அமர்ந்து கட்டாய இந்தியை எதிர்த்தவர்களுள் கத்தோலிக்கரான சர் ஏ.டி. பன்னீர்செல்வமும் ஒருவர் என்பது நாம் மறந்துவிட்ட செய்தி.

விடுதலைக்குப் பின் நிகழ்ந்தது நம் ஊருக்கு இன்னும் அண்மையானது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மலபாரைச் சேர்ந்தவர்கள். குடியரசு பிறந்து மூன்று வாரங்கள்கூட முடியாத காலம் அது. அடுத்த இரு வாரங்களில் தடுப்புக் காவல் சட்டத்தை வல்லபாய் பட்டேல் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். அதற்கு முன் உறக்கமின்றி இரவுகளைக் கழித்ததாக அவரே கூறினார். மனச்சான்றுள்ள ஒருவரின் சொல் அது. ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டத்தின்கீழ்க் காவலில் இருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். ஒரு பிரிவை மட்டும் நீக்கிவிட்டு நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோபாலன், சிறையில் தாம் அனுபவித்த அதே சட்டத்தின் நீட்டிப்பை எதிர்வரிசையில் நின்று கண்டித்தார்.

கம்யூனிஸ்டுகளின் கடவுள் மறுப்பை நாம் ஏற்பதில்லை. ஆனால் நமக்கு உடன்பாடானவருக்கு மட்டும் நீதி கேட்பது நீதியாகுமா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், மனித மாண்பைச் சிதைக்கும் இழிசெயல்களின் வரிசையில் தான்தோன்றித்தனமான சிறைவைப்பையும் சேர்த்துள்ளது. அங்கே சிறைப்பட்டவரின் கொள்கை என்ன, சமயம் என்ன என்ற கேள்விக்கே இடமில்லை.

சாஸ்திரியாரின் எச்சரிக்கை எவ்வளவு உண்மையானது என்பதற்கு அண்மைக்கால வரலாறும் சான்று பகர்கிறது. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் 'பொடா' சட்டம் நிறைவேறியபோது, வைகோவின் கட்சி அதனை ஆதரித்த ஆளும் கூட்டணியில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், மேடையில் பேசிய பேச்சுக்காக அதே சட்டத்தின்கீழ் அவர் கைதாகி, 19 மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். 2004இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அதன் கடுமையான கூறுகள் பல, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திற்குள் குடிபுகுந்தன. 2008இல் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவு பிணை பெறுவதை மிக அரிதாக்கிற்று.

அதன் விளைவை நம் குடும்பத்திலேயே கண்டோம். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டின் பழங்குடி மக்களுக்காக உழைத்த இயேசு சபைக் குரு ஸ்டேன் சுவாமி, 2020 அக்டோபரில் தமது 83ஆம் வயதில் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் கை நடுங்க, நீர் அருந்த ஓர் உறிஞ்சு குழலுக்கும் நீதிமன்றத்தின் வாயிலில் காத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, விசாரணை தொடங்கு முன்னரே, காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறைவனடி சேர்ந்தார். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை. கூறுவதற்கோ மறுப்பதற்கோ வாய்ப்பே அமையவில்லை.

குண்டு வெடிப்புகளையும் கொலைகளையும் தடுக்கும் கடமை அரசுக்கு உண்டு. 1998 கோவைக் குண்டு வெடிப்புகளில் மாண்டவர்களை நாம் மறக்கவில்லை. குற்றம் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் குற்றத்தை மெய்ப்பிக்காமல் தண்டிப்பது குற்றத்தைத் தடுப்பதாகாது; உண்மைக் குற்றவாளியைத் தேடும் பொறுப்பிலிருந்து அரசை விடுவிப்பதாகவே முடியும்.

ஆண்டவர் இயேசுவைப் பிடிக்கத் தலைமைச் சங்கத்தார் முனைந்தபோது, அவர்களுள் ஒருவரான நிக்கதேம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒருவரது வாக்குமூலத்தைக் கேளாமலும், அவர் செய்ததை அறியாமலும் நம் சட்டம் தீர்ப்பளிக்குமா? அக்கேள்விக்கு யாரும் விடையளிக்கவில்லை. நீரும் கலிலேயர்தானோ என்று ஏளனம் செய்தனர். பின்னர் மக்கள் அனைவரின் நலனுக்காக ஒருவன் சாவது நல்லது என்று கயபா வாதிட்டார். பாதுகாப்பின் பெயரால் சொல்லப்படும் வாதங்களுள் இது மிகப் பழையது. அதற்குப் பலியானவர் நம் மீட்பர்.

இன்றும் கடுஞ்சட்டத்தைக் கேள்வி கேட்கும் உறுப்பினரை நோக்கி, "நீ குற்றவாளிக்குப் பரிந்து பேசுகிறாயா?" என்றே கேட்கின்றனர். இது நிக்கதேமுக்குக் கிடைத்த அதே விடைதான். ஆகவே அடுத்த முறை நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருபவர், எந்தக் கட்சியினராயினும், சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்டபின் இதையும் கேட்போம்: "விசாரணையின்றிச் சிறையிலடைக்கும் சட்டம் வந்தால், ஐயா, எழுந்து நிற்பீர்களா?" நிக்கதேமின் கேள்வியை உயிரோடு வைத்திருப்பது பொதுநிலையினராகிய நமது கடமை.