தனுஷ்கோடி: புயல் மறைத்த வழி

தனுஷ்கோடி ரயில் நிலையத்தின் எஞ்சிய சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர்கள் நடுவே நானும் நின்றேன். 2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறந்த பிறகு கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் சொல்லப்படுவது ஒரே கதை: 1964 டிசம்பர் 22 இரவு, புயல், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், கடலோடு போன நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள். பொய்யில்லை. ஆனால் 'இயற்கைச் சீற்றம்' என்கிற கதையாடல் நிலையத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை ஒரே இரவாகச் சுருக்கிவிடுகிறது.

சரி, இந்த ஸ்டேஷனை எதுக்காகக் கட்டினாங்க? 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயிலும் கப்பலும் சேர்ந்து தலைமன்னாருக்கு வழி உண்டானது. 'போட் மெயில்' என்று அதைப் பெருமையாக நினைவுகூர்கிறோம். இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப்போனதும் இந்த வழியில்தான். மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் சோதித்து, பிறகே கப்பலேற்றினார்கள். துரைக்கு அது பயணம். கூலிக்கு அது கடன்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபர் 30இல், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்கும் என்று, அவர்களைக் கேட்காமலே எழுதிக்கொண்டார்கள். பாட்டன் ஏறிப்போன துறை கடலுக்குள் போயிருந்தது. பேரப்பிள்ளைகள் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள்.

அந்த மண்டபம் முகாமில்தான் 1983க்குப் பிறகு வந்த ஈழ அகதிகள் வைக்கப்பட்டார்கள். இடிந்த நிலையத்துக்குச் சுற்றுலா வண்டி போகிறது. ஆள் வாழ்கிற முகாமைத் தாண்டித்தான் போகிறது. யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. நாம் ரசிப்பது இடிபாட்டையா, மறதியையா?