பெரிய மரமும் ஐந்து அங்குலத் துண்டும்

தம்பலகாமம் என்றதும் நினைவுக்கு வருவது வயல். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் நெல்லும், கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த பின்னர் வழிபாடு தொடர்ந்த ஆதிகோணநாயகர் கோயிலுமே அந்த ஊரின் பெருமைகள். மரவேலையின் வரலாற்றைப் பேசுபவர்கள் தம்பலகாமத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதைச் சூழ்ந்திருக்கும் வறள்வலயக் காட்டின் மரங்களை எண்ணிப் பாருங்கள்: முதிரை, கருங்காலி, பாலை, சவண்டலை. இன்று பல நாடுகளில் ஓய்வு நேரத்தில் சிறு கடைசல் பொறியில் மரப்பேனை கடைபவர்கள் தேடி அலையும் மரங்களில் கருங்காலியும் முதிரையும் முன்வரிசையில் நிற்கின்றன. தம்பலகாமத்தில் பேனை கடைந்த மரபு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. என் வாதம் வேறு. திருகோணமலை மாவட்டத்தின் மரங்கள் எப்போதும் பெரிய அளவில் மட்டுமே மதிக்கப்பட்டன. சிறு துண்டுக்குக் கணக்கில் இடமே இருக்கவில்லை. பேனை கடைதல் என்ற இந்தச் சின்னப் பொழுதுபோக்கு அந்த மதிப்பீட்டைத் தலைகீழாக்குகிறது. அதனால்தான் அதை வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு என்று தள்ளிவிடக் கூடாது என்கிறேன்.

சவண்டலையிலிருந்து தொடங்குவோம். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் இந்த மரத்தை ஆங்கிலேயர் ‘திருகோணமலை மரம்’ என்றே தங்கள் ஏடுகளில் எழுதினார்கள். ஓர் ஊரின் பெயரையே மரத்துக்குச் சூட்டும் அளவுக்கு அதன் ஏற்றுமதி இருந்தது. போன இடங்களில் முக்கியமானது சென்னை. செயற்கைத் துறைமுகம் கட்டப்படும் வரை அங்கே கப்பல்கள் கரையை அணுக முடியாமல் நடுக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை மோதும்போது வளைந்து கொடுக்க வேண்டும், ஆனால் முறியக் கூடாது. பாரம் குறைவாகவும் உறுதி மிகுதியாகவும் இருந்த சவண்டலை அதற்குப் பொருந்தியது. இலங்கையைப் பற்றி 1859 இல் விரிவான நூல் எழுதிய ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இந்த ஏற்றுமதியைக் குறிப்பிடுகிறார். எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு இதைவிட நல்ல மரம் தீவில் இல்லை என்ற மதிப்பும் அக்காலத்தில் இருந்தது. முதிரையின் கதையும் அப்படித்தான். பேராதனையில் மகாவலியின் குறுக்கே 1833 இல் கட்டி முடிக்கப்பட்ட பாலம் முழுக்க முதிரை மரத்தால் ஆனது. இடையில் தூணே இல்லாமல் 205 அடி தாவிய ஒற்றை வளைவு அது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. பலகை, பீப்பாய், பாலம், கப்பல் உறுப்பு என்று எங்கே பார்த்தாலும் மரத்தின் பெருமை அதன் நீளத்திலும் பருமனிலும் இருந்தது.

மரத்துக்கு மட்டும் நேர்ந்த விதி அன்று இது. தம்பலகாமக் குடாவில் மெல்லிய, ஒளி ஊடுருவும் ஓடுள்ள ஒருவகைச் சிப்பி உண்டு. அதிலிருந்து எடுத்த பொடி முத்துகள் இந்தியாவுக்குப் போயின. அங்கே அவற்றைச் சுட்டு நீறாக்கி, வெற்றிலையோடு மெல்லும் சுண்ணாம்பாகச் செல்வந்தர்கள் பயன்படுத்தினார்கள். குடா கொடுத்தது மூலப்பொருள். பண்டமானது கடலுக்கு அப்பால்.

இங்கே ஒரு கேள்வி எழும். மூலப்பொருளாகவே மரம் வெளியேறியதற்கு நம்மிடம் கடைசல் திறன் இல்லாமை காரணமா? அப்படிச் சொல்ல முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலும் இலங்கையிலும் கருங்காலியில் செய்த நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அவற்றின் கால்களும் சட்டங்களும் கயிறு முறுக்கியது போன்ற திருகுக் கடைசல். இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் பதினெட்டாம் நூற்றாண்டில் தன் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகைக்கு அத்தகைய நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். அவை இங்கிலாந்தின் பழைய டியூடர் அரசர் காலத்து வேலை என்று உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். வங்கக் கடலோரத்துக் கைவினைஞரின் வேலை ஆங்கிலேய அரண்மனைக்குரியதாக எண்ணப்பட்டது. திறன் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் மரம். உளி சற்று மழுங்கினாலும் சீவ விடாது, பொடியாக உதிரும். அதில் திருகு எடுப்பது எளிய காரியம் அன்று.

அந்தத் திறனின் கருவியும் நினைத்துப் பார்க்கத் தக்கது. கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908 இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அரக்கு வேலைக்காரரின் கடைசலையும் பதிவு செய்தார். நம் நாடுகளின் பழைய கடைசல் பொறி, துண்டைச் சுற்றிய கயிற்றை இழுத்து முன்னும் பின்னும் சுழலவிடுவது. துண்டு கடைபவரை நோக்கிச் சுழலும்போது உளி வெட்டும். திரும்பிச் சுழலும்போது கைகாரர் உளியை மயிரிழை விலக்கிப் பிடிப்பார். பாதி நேரம் வெட்டு, பாதி நேரம் காத்திருப்பு. இன்று மின்பொறியில் ஒரே திசைச் சுழற்சிக்குப் பழகியவருக்கு அந்தத் தாளத்தைக் கைக்குக் கொண்டுவரவே நெடுநாள் எடுக்கும்.

திறனும் இருந்தது, மரமும் இருந்தது. அப்படியானால் மரப்பேனை ஏன் வரவில்லை? காரணம் மை. ஓலைக் காலத்தில் மையே உள்ளே இல்லை. இரும்பு எழுத்தாணி கீறும், பின்பு மை தடவித் துடைப்பார்கள். மரத்துக்கோ தந்தத்துக்கோ கிடைத்தது பிடி மட்டுமே. பிறகு பேர்மிங்ஹாம் ஆலைகளின் எஃகு முனை வந்தது. பள்ளிப் பிள்ளைகள் மைக்கூட்டில் தொட்டெழுதிய கட்டைப்பேனையின் காம்பு மரம்தான், ஏனென்றால் மை முனையோடு நின்றது. ஆனால் 1884 இல் வோட்டர்மன் காப்புரிமை பெற்ற ஊற்றுப்பேனை, மையைக் காம்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. மை ஊறினால் மரம் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். திருகு மரை நிற்காது. அந்த இடத்தைப் பிடித்தது எபோனைட். ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்து வேகவைத்துக் கருங்காலியைப் போலவே கறுப்பாகவும் கெட்டியாகவும் ஆக்கிய பொருள் அது. ராஜமுந்திரியில் ரத்னம் கடைந்த பேனைகளும், இன்றைக்கும் திருவள்ளூரில் கையால் கடைந்து உலகெங்கும் போகும் பேனைகளும் எபோனைட் வேலையே. கடைசல்காரர் பேனைக்கு வந்தார். மரம்தான் வெளியே நின்றது. 1938 இல் லாஸ்லோ பிரோ காப்புரிமை பெற்ற குமிழ்முனை வழியாக மை தனிக்குழாய்க்குள் அடைபட்டது. அதன் பிறகுதான் மரம் பேனையின் உடலாக அச்சமின்றித் திரும்ப முடிந்தது. ஆகவே மரப்பேனை பழமைக்குத் திரும்பும் ஆசை மட்டுமன்று. குமிழ்முனைக் காலம் திறந்துவிட்ட வாய்ப்பு.

வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் அளவின் மாற்றம் விளங்கும். முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும் கொண்ட துண்டு போதும். அதை இரண்டாக அறுத்து, மெல்லிய பேனைக்கு 7 மில்லிமீற்றர் துளை இட்டு, பித்தளைக் குழாயைப் பசை போட்டுச் செருகி, முனைகளைச் சதுரமாக்கி, இரும்புக் கம்பியில் கோத்துக் கடைவார்கள். குழாயின் மேல் கடைசியில் எஞ்சும் மரம் சில மில்லிமீற்றர் கனமே. பிறகு உப்புத்தாள், மெழுகு அல்லது பசைப்பூச்சு. ஒரு கன அடி மரத்தில் கணக்குப்படி இத்தகைய துண்டுகள் 600 ஐத் தாண்டும். வாளறுப்பிலும் வெடிப்பிலும் பாதியைக் கழித்தாலும் 300 பேனைகள். மசூலாவுக்குப் பலகையாகாத கோணல் மரமும், தச்சர் விறகுக்கு ஒதுக்கும் முடிச்சுத் துண்டும் இங்கே விலைமதிப்புள்ளவை. முதிரையில் நேர்நாரைவிட அலைநார்தான் ஒளிபட்டு மின்னும். கவையும் முடிச்சும் உள்ள துண்டையே பேனைக்காரர் முதலில் எடுப்பார்.

காடே அருகிவரும்போது கருங்காலிக்குப் புதிய ஆசையை மூட்டுவது சரியா என்ற மறுப்பு கனமானது. மடகாஸ்கர் கருங்காலிக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க வேண்டும். அங்கே கொள்ளை மிகுந்து, 2013 இல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. ஆனால் அங்கே காட்டை வெறுமையாக்கியவை தளபாடத்துக்காகப் போன முழுமரங்கள். நம் நாட்டிலோ 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் முதல் காட்டுமரத்தை வெட்டவும் ஏற்றவும் அனுமதி தேவை. பேனைக்கு நிற்கும் மரத்தை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. இடித்த வீட்டின் முதிரை நிலை, உடைந்த கட்டில்கால், மரக்காலையின் மூலையில் கிடக்கும் வெட்டுத்துண்டு, இவை போதும். பழைய மரத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பல்லாண்டு காய்ந்தது, இனிச் சுருங்காது. பனையையும் சொல்ல வேண்டும். முதிர்ந்த பனையின் வயிரத்தில் கருநாரும் வெளிறிய சோற்றியும் கோடுகோடாக ஓடும். வெளிநாட்டுப் பேனைக்காரர் காசு கொடுத்து வாங்கும் பொருள் அது. கடையும்போது நார் பிய்த்துக்கொண்டு வரும் என்பது உண்மைதான். நீர்த்த பசையை ஊறவிட்டுக் காய்ந்தபின், கூரான உளியால் மெல்லச் சீவினால் நிற்கும்.

முனையும் கொளுக்கியும் திருகு உறுப்பும் பெட்டியில் வாங்கியவை, இதில் கைவேலை எங்கே என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வாங்கிய உறுப்புகளுக்கு நடுவில் இரண்டு மரக்குழாய்களைக் கடைவதோடு நிற்பவர் பயிற்சியின் முதற்படியில் நிற்கிறார். ஆனால் படி அதுதான். திருவள்ளூர்க் கடைசல்காரர் எபோனைட் கோலில் மரையும் மூடியும் தாமே வெட்டுகிறார். அந்த வேலையைக் கற்றவர் உள்ளே எபோனைட் குழாயும் வெளியே முதிரையும் வைத்து, ஊற்றுப்பேனையையும் முழுதாகக் கையாலேயே செய்யலாம். மை மரத்தைத் தொடாது. அதற்கு வேண்டியவை சிறு கடைசல் பொறி, மரை வெட்டும் கருவிகள், கற்பிக்க ஒருவர். ஓர் எச்சரிக்கையும் உண்டு: முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும். மூக்கை மூடிக்கொண்டு, தூளை உறிஞ்சும் குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடைய வேண்டும்.