மறுவாழ்வை மறித்த 2,000 அடி

பாலியல் குற்றம் புரிந்தவருக்குத் தண்டனை வேண்டும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும். இதில் இரு வேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், தண்டனை முடிந்து வெளியே வருபவர் போதைப் பழக்கத்துக்கும் அடிமையாக இருந்தால், அவர் சிகிச்சை பெற வழி இருக்க வேண்டாமா? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இந்தக் கேள்வியையும் உள்ளடக்கிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

பாலியல் குற்றவாளிகள் காவல்துறையில் பெயர் பதிய வேண்டும் என்று மாநிலம் முழுமைக்கும் சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியா. அது 1947ஆம் ஆண்டு. 2005ஆம் ஆண்டில் புளோரிடாவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திக் கொல்லப்பட்டாள். கொன்றவன் ஏற்கெனவே அத்தகைய பதிவேட்டில் இருந்தவன். நாடே கொதித்தது. சிறுமியின் பெயரால் 'ஜெசிக்கா சட்டம்' பிறந்தது. 2006 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்களும் அதே பெயரில் ஒரு சட்டத்தை ஏற்றனர். பதிவேட்டில் உள்ளவர்கள் பள்ளிகளுக்கும் பிள்ளைகள் கூடும் பூங்காக்களுக்கும் 2,000 அடிக்குள், அதாவது ஏறத்தாழ 600 மீட்டருக்குள், குடியிருக்கக் கூடாது என்றது அச்சட்டம்.

சான் டியாகோ வட்டாரத்தில் பரோல் கண்காணிப்பில் இருந்த அனைவர் மீதும் இவ்விதி பாய்ந்தது. பாதிக்கப்பட்டவர் பிள்ளையா, பெரியவரா என்று கூடப் பார்க்கவில்லை. வாடகை வீடுகளில் ஏறத்தாழ 97 விழுக்காடு அவர்களுக்கு எட்டாமல் போயிற்று. வழக்குத் தொடுத்த நால்வருள் சிலர் சந்திலும் ஆற்றுப்படுகையிலும் படுத்துறங்கினர்.

சிகிச்சை தடைபட்டது இங்கேதான். மருத்துவமும் ஆலோசனையும் போதை மறுவாழ்வுச் சேவைகளும் பெரும்பாலும் மக்கள் நெருக்கமான நகர்ப்பகுதிகளில் இருந்தன. ஒதுக்குப்புறத்துக்குத் தள்ளப்பட்டவருக்குப் பேருந்து வசதி கூடக் கிடைப்பது அரிது. இன்று ஆற்றோரம், நாளை வேறிடம் என்று அலைபவர் வாரந்தோறும் ஆலோசனைக்கு எப்படிச் செல்வார்? சேவை இருந்தது, அதை அடையும் வழிதான் இல்லை.

2015 மார்ச் 2ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான் டியாகோவில் இவ்விதியை எல்லார் மீதும் ஒரே சீராகத் திணித்தது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்றது. வீடற்றோர் தொகை பெருகியதையும், மது, போதைச் சிகிச்சை உள்ளிட்ட சேவைகள் தடைபட்டதையும் அது சுட்டிக்காட்டியது. அதிகாரிகள் அவர்களைக் கண்காணிப்பதும் கடினமாயிற்று என்றது. ஆக, பிள்ளைகளைக் காக்கப் போட்ட வேலி, காவலையே பலவீனமாக்கியிருந்தது.

தீர்ப்பு யாரையும் கட்டவிழ்த்து விடவில்லை. தேவைப்படுவோர் மீது, தனித்தனியே ஆராய்ந்து, கட்டுப்பாடு விதிக்க இடமளித்தது. அதே மாதத்தில் மாநிலச் சிறைத்துறை இம்முறையை மாநிலமெங்கும் பின்பற்ற முன்வந்தது.

குற்றத்தை மன்னிப்பது வேறு. நோய்க்கு மருந்து கொடுப்பது வேறு. போதையிலிருந்து மீளாதவரை இருளில் விட்டுவிட்டு, ஊர் நிம்மதியாக உறங்க முடியுமா?