யாருக்குக் கொடுத்தான்? அமெரிக்க விடுதலைப் பிரகடனமும் ஆட்சி பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையும்

ஒரு நாட்டின் பிறப்பு ஆவணத்தை ஆராய்வோர் அதில் நிலைபெற்ற சொற்களை மட்டும் நோக்கினால் போதாது. எழுதப்பட்டுப் பின் அடிக்கப்பட்ட சொற்களையும் நோக்க வேண்டும். பாடவேறுபாடு கண்டு ஏடுகளைப் பதிப்பித்த மரபினராகிய நமக்கு இது புதிய செய்தி அன்று. 1776ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், பிலடெல்பியா நகரில் கூடிய பேராயம் ஏற்றுக்கொண்ட அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை இவ்வுரையில் அந்தக் கண்கொண்டே அணுகுவோம்.

அந்த ஆவணம் இறைவனை நான்கு இடங்களில் குறிக்கிறது. இயற்கையின் இறைவன், படைத்தவன், உலகின் உயர் நீதிபதி, காக்கும் அருள் என்பன அவை. இவற்றுள் பின்னிரண்டும் தாமஸ் ஜெபர்சனின் வரைவில் இல்லாதவை, பேராயத்தார் சேர்த்தவை. இயேசுவின் பெயரோ திருமறை வசனமோ எங்கும் இல்லை. ஆயினும் ‘கிறிஸ்தவ’ என்னும் சொல் ஜெபர்சனின் வரைவில் ஓரிடத்தில் இருந்தது. பேராயம் அதனை நீக்கிவிட்டது. அச்சொல் எங்கே நின்றது, ஏன் நீக்கப்பட்டது என்பதை உணர, அக்காலத்து மக்களின் நெஞ்சை வருத்திய பழைய வினா ஒன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆள்வோரை எதிர்த்து நிற்கக் கிறிஸ்தவனுக்கு உரிமை உண்டா என்பதே அவ்வினா.

அவ்வினாவின் ஊற்றுக்கண், பவுல் அடிகள் உரோமையருக்கு எழுதிய மடலின் 13ஆம் அதிகாரம். நீரோ மன்னனின் ஆட்சியில் எழுதப்பட்ட மடல் அது. அதிகாரம் அனைத்தும் இறைவனிடமிருந்தே வருகிறது; ஆதலால் அதற்கு அடங்கி நடக்க வேண்டும், வரியும் செலுத்த வேண்டும் என்பது அப்பகுதியின் சாரம். ஆனால் அதே பகுதியில் ஆள்வோனைக் குறிக்கப் பவுல் ஆளும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘தியாகோனோஸ்’ என்னும் அக்கிரேக்கச் சொல் பணிவிடை செய்பவனைக் குறிப்பது. தமிழ்த் திருமறை அதனை ‘ஊழியக்காரன்’ என்று பெயர்க்கிறது. மக்களின் நன்மைக்காக இறைவன் அமர்த்திய பணியாளன் என்பதே ஆள்வோனுக்குப் பவுல் தரும் இலக்கணம். இன்னொரு புறம், மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிட இறைவனுக்குக் கீழ்ப்படிவதே முதன்மையானது என்று பேதுருவும் ஏனைய திருத்தூதரும் ஆட்சிக் குழுவினர் முன் உரைத்த செய்தியைத் திருத்தூதர் பணிகள் என்னும் நூல் கூறுகிறது. இவ்விரண்டு கருத்துகளுக்கும் இடையிலேதான் திருச்சபையின் அரசியல் சிந்தனை நெடுங்காலம் ஊசலாடியது.

16ஆம் நூற்றாண்டில் ஜான் கால்வின் தம் ‘கிறிஸ்தவ சமயக் கோட்பாடுகள்’ நூலின் இறுதிப் பகுதியில் ஒரு நடுவழி கண்டார். தனிமனிதன் கொடுங்கோலனை எதிர்த்து எழலாகாது. ஆனால் மன்னனைக் கட்டுப்படுத்துவதற்கென்றே மக்கள் சார்பில் அமைந்த அவையினர் வாளாவிருந்தால், அவர்கள் தம் கடமைக்கு இரண்டகம் செய்தவர் ஆவர் என்றார் அவர்.

அமெரிக்கக் குடியேற்றங்களில் இவ்வழக்கு அருளுரை மேடைக்கே வந்தது. முதலாம் சார்ல்ஸ் மன்னன் தலை துண்டிக்கப்பட்ட நாளை ஆங்கிலத் திருச்சபை நோன்பு நாளாகப் போற்றி வந்தது. 1750ஆம் ஆண்டு, அந்நாளை ஒட்டிப் பாஸ்டன் நகரில் ஜானதன் மேஹ்யூ என்னும் போதகர் பவுலின் அப்பகுதியையே எடுத்து விளக்கினார். கீழ்ப்படிதலுக்குப் பவுல் காட்டும் காரணம் ஆள்வோர் நன்மை செய்கின்றனர் என்பதே. காரணம் இல்லாதவிடத்துக் கட்டளையும் இல்லை. குடிகளைக் கொள்ளையிடுவோன் இறைவனின் ஊழியக்காரன் ஆகான் என்று அவர் வாதிட்டார். அந்த உரையை எல்லாரும் படித்தனர் என்று ஜான் ஆடம்ஸ் தம் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

எதிர்த்தரப்பும் எளியதன்று. மேரிலாந்தில் ஆங்கிலத் திருச்சபைக் குருவாக இருந்த ஜானதன் பூச்சர், அடங்கி நடத்தலே திருமறை நெறி என்றார். ஆளப்படுவோரின் இசைவே ஆட்சிக்கு அடிப்படை எனின், இன்று இசைந்தவன் நாளை மறுப்பான். எந்த ஆட்சியும் நிலைக்காது என்பது அவர் வாதம். மக்களின் சினத்துக்கு அஞ்சி, குண்டு நிரப்பிய கைத்துப்பாக்கிகளை அருகில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அருளுரை ஆற்றியதாக அவரே எழுதியுள்ளார். 1775இல் அவர் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அவரையொத்த குருமார் பலர் மன்னனுக்கு உண்மையாய் இருப்பதாக ஆணையிட்டவர்கள். பிரகடனத்திற்குப் பின், மன்னனுக்காக வேண்டுவதே குற்றமாயிற்று. ஆணையை மீற மனமின்றிச் சிலர் ஆலயத்தையே பூட்டினர். அவர்களைக் கோழைகள் என ஒதுக்குவது முறையன்று.

இப்பின்னணியில் பிரகடனத்தைப் படித்தால் அதன் கட்டமைப்பு விளங்கும். அதன் பெரும்பகுதி மன்னன்மீது சாட்டப்படும் குற்றங்களின் பட்டியலே. அவற்றை 27 என எண்ணுவது வழக்கம். பொதுநன்மைக்குத் தேவையான சட்டங்களுக்கு மன்னன் இசைவு தரவில்லை என்பதே முதற்குற்றம். சிறு காரணங்களுக்காக நெடுநாளைய ஆட்சியை மாற்றலாகாது என்று அது ஒப்புக்கொள்கிறது. பணிந்து விண்ணப்பித்தும் பயனில்லை என்று முறையிடுகிறது. ‘இவன் இனி ஊழியக்காரன் அல்லன்’ என்று மெய்ப்பிக்கும் வழக்குரை போலவே அது அமைந்துள்ளது. அதனை வெளியிட்டவர்களும் தனிமனிதர்கள் அல்லர், குடியேற்றங்களின் பேராளர்கள். ஒப்பமிட்ட 56 பேருள் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவரான ஜான் விதர்ஸ்பூன் என்னும் போதகரும் ஒருவர். ஜெபர்சன் கால்வினைப் பின்பற்றியவர் அல்லர். ஆயினும் கால்வின் மரபில் வளர்ந்த மக்களுக்கு அந்த வழக்குரை அயலாகத் தோன்றியிராது.

ஆயின் பவுலும் பிரகடனமும் ஒன்றையே கூறுகின்றனவா? இல்லை. இறைவன் கொடுத்தான் என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. யாருக்குக் கொடுத்தான் என்னும் நான்காம் வேற்றுமையில்தான் அவை பிரிகின்றன. பவுலின் கூற்றில் இறைவன் அதிகாரத்தை ஆள்வோனுக்குக் கொடுக்கிறான். பிரகடனத்தின் கூற்றில் இறைவன் உரிமையை மனிதர் யாவர்க்கும் கொடுக்கிறான். அவர்கள் தம் இசைவால் அதிகாரத்தை ஆள்வோனுக்குக் கொடுக்கின்றனர். ஓர் உருபு இடம் மாறியதில் ஓர் உலகமே மாறிற்று.

அந்த ‘யாவர்க்கும்’ என்பதில் யார் யார் அடங்குவர்? நீக்கப்பட்ட சொல் இங்கேதான் நின்றது. அடிமை வணிகத்தைக் கண்டிக்கும் நீண்ட பகுதி ஒன்றை ஜெபர்சன் எழுதியிருந்தார். பிற சமயத்து அரசுகளுக்கே இழுக்கான இக்கொடுமையைப் புரிபவன் ஒரு ‘கிறிஸ்தவ’ மன்னன் என்று, அச்சொல்லைப் பெரிய எழுத்துகளில் பொறித்துச் சாடினார். அதே பகுதியில் ‘மனிதர்’ என்னும் சொல்லையும் பெரிய எழுத்துகளிலேயே எழுதினார். விற்கப்படுவோர் மனிதர் என்பது கருத்து. தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் விருப்பத்திற்கு இணங்கியே அப்பகுதி நீக்கப்பட்டது என்றும், அடிமைகளைக் கப்பலேற்றி வந்த வடபகுதியினர்க்கும் அது உறுத்தியது என்றும் அவர் குறித்து வைத்தார். குற்றத்தை முழுவதும் மன்னன்மீது சுமத்திய ஜெபர்சனும் நூற்றுக்கணக்கான அடிமைகளை உடையவராகவே வாழ்ந்தார். அன்றைய குடியேற்ற மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. பேராயம் இறைவனுக்கு இரண்டு பெயர்களைச் சேர்த்தது. கிறிஸ்தவம் என்னும் பெயருக்கு நேர்ந்த இழுக்கைச் சுட்டிய பகுதியை நீக்கியது. சமயச் சொற்கள் மிகுந்தன. சமயம் எழுப்பிய கேள்வி மறைந்தது.

மறைந்த கேள்வி மாண்டுவிடவில்லை. 1852ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த பிரடெரிக் டக்ளஸ், ரோசெஸ்டர் நகரில் பிரகடனத்தின் கொள்கைகளைப் போற்றி, அவற்றைக் காக்கத் தவறிய நாட்டையும் அடிமைமுறைக்கு அரணாக நின்ற திருச்சபைகளையும் ஒருங்கே சாடினார். 1963ஆம் ஆண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதிய மடலில், நீதியற்ற சட்டம் சட்டமே அன்று என்னும் அகஸ்தீனார் கருத்தை எடுத்துக்காட்டினார். அத்தகைய சட்டத்தை மீறுவோன் வெளிப்படையாக, அன்போடு மீற வேண்டும். தண்டனையையும் மனமுவந்து ஏற்க வேண்டும் என்றார். இதில் மேஹ்யூவின் துணிவும் இருக்கிறது. சட்டத்தின் மதிப்பைக் காக்க விழைந்த பூச்சரின் அச்சத்திற்கு விடையும் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் அதே போதகர், பிரகடனத்தை இன்னும் தீர்க்கப்படாத கடன் உறுதிச்சீட்டாக உருவகித்தார்.

பிறப்பு ஆவணங்களில் இறைவன் பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவது எளிது. ஆள்வோன் ஊழியக்காரனாக இருக்கிறானா, கொடுக்கப்பட்ட உரிமை யாருக்கெல்லாம் சென்று சேர்ந்தது என்று கேட்பதே அரிது. பவுல் முதல் வினாவைத் தந்தார். பிரகடனம் இரண்டாம் வினாவைத் தந்தது, தானே அதற்கு முழுவிடை தர இயலாத நிலையிலும். எந்த நாட்டின் ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் நாம் இவ்விரண்டு வினாக்களோடு தொடங்குவோம்.