வயதாகும் கால்களும் ஸ்கேட்போர்டு ஷூவும் - ஒரு சின்ன வரலாறு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு ஆண்கள் 'பார்க்' போட்டியில் பிரிட்டன் சார்பில் இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு வயது 51. தென் ஆப்பிரிக்காவின் டல்லாஸ் ஓபர்ஹோல்சருக்கு 49. அதே ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் இறங்கிய சீனச் சிறுமி ஜெங் ஹாவ்ஹாவுக்கு வெறும் 11!

விளையாட்டு ஒன்றுதான், கான்கிரீட்டும் ஒன்றுதான். ஆனால் உயரத்திலிருந்து குதித்து இறங்கினால் 11 வயதுக் குதிகாலும் 51 வயதுக் குதிகாலும் ஒரே மாதிரி தாங்குமா? தாங்காது. குதிகாலின் அடியில் இயற்கையாகவே ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. வயது ஏற ஏற அதன் மீள்தன்மை குறைந்துவிடும். அப்போது பலகைக்கும் காலுக்கும் நடுவில் இருக்கும் ஒரே துணை ஷூதான். அந்த ஷூ எங்கிருந்து வந்தது?

வெறுங்கால் காலம்

1950களில் கலிபோர்னியாவில், கடலில் நல்ல அலை இல்லாத நாட்களில் அலைச்சறுக்கு ஆடும் இளைஞர்கள் மரப்பலகைக்கு அடியில் சக்கரம் மாட்டித் தெருவில் ஓட்டினார்கள். கடலில் எப்படியோ அப்படியே தெருவிலும், வெறுங்காலில்! விரல்கள் பெயர்ந்ததுதான் மிச்சம். 1965ல் ராண்டால்ஃப் ரப்பர் கம்பெனி 'ராண்டி 720' என்று ஒரு ஷூவை ஸ்கேட்போர்டுக்கென்றே விற்றது. ஆனால் அந்த முதல் மோகமே சீக்கிரம் அடங்கிவிட்டது.

1966 மார்ச் 16 அன்று அனாஹைம் நகரில் பால் வான் டோரனும் கூட்டாளிகளும் ஒரு ஷூ கடை திறந்தார்கள். அதுதான் பின்னாளில் உலகம் முழுக்கத் தெரிந்த 'வேன்ஸ்'. அவர்கள் ஸ்கேட்போர்டை மனதில் வைத்துத் தொடங்கவில்லை. ஆனால் அந்த ஷூவின் தடித்த ரப்பர் சோல் பலகையை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஒரு கால் ஷூ மட்டும் தேய்ந்து போனவர்களுக்கு ஒற்றை ஷூவைக்கூட விற்றார்கள்!

வலி கற்றுக்கொடுத்த பாடம்

1970களில் யூரித்தேன் சக்கரம் வந்தது. வேகம் கூடியது. தண்ணீர் இல்லாத நீச்சல் குளங்களுக்குள் இறங்கி ஏறத் தொடங்கினார்கள். அடியும் கூடியது. 1976ல் டோனி ஆல்வா, ஸ்டேசி பெரால்டா இருவரின் யோசனைகளைக் கேட்டு வேன்ஸ் 'எரா' ஷூவை வெளியிட்டது. பெரிய மாற்றம் என்ன தெரியுமா? கணுக்கால் உரசும் விளிம்பில் ஒரு பஞ்சு மெத்தை. அவ்வளவுதான்! 1978ல் கணுக்காலையே மூடும் 'ஸ்கேட்-ஹை' வந்தது.

1985ல் கூடைப்பந்துக்காக வந்த 'ஏர் ஜோர்டான் 1' ஷூவையும் ஸ்கேட்டர்கள் விட்டுவைக்கவில்லை. தடித்த தோல், உயரமான கழுத்து. உயரமான சரிவுகளில் ஆடியவர்களுக்கு அது வசதியாக இருந்தது.

1989ல் ஸ்டீவ் கபயெரோ பெயரில் வேன்ஸ் ஓர் உயரமான ஷூ கொண்டுவந்தது. ஆனால் தெருவில் ஆடிய பையன்களுக்குக் கணுக்கால் நன்றாக மடங்க வேண்டும். கத்தரிக்கோலால் மேல்பாகத்தை வெட்டி, டேப் ஒட்டிப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து கம்பெனியே 1992ல் வெட்டிய வடிவத்தை 'ஹாஃப் கேப்' என்று விற்றது.

பிரான்சைச் சேர்ந்த பியர் ஆந்த்ரே செனிசெர்க் கதை இன்னும் முக்கியம். உலக அளவில் ஜெயித்த இவரை முதுகுவலி போட்டிகளை விட்டே விலக வைத்தது. பிறகு 'எட்னீஸ்' ஷூக்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, 1996ல் 'சோல் டெக்னாலஜி' நிறுவனத்தைத் தொடங்கினார். குதித்து இறங்கும்போது உடலில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று அளக்க 2000களில் அங்கே ஓர் ஆய்வுக்கூடமும் நடந்தது.

குண்டு ஷூவும் ஒல்லி ஷூவும்

1990களின் கடைசியில் படிக்கட்டுகளிலிருந்தும் கைப்பிடிக் கம்பிகளிலிருந்தும் குதிப்பது பிரபலமானது. ஷூவும் உப்பியது. காற்றுப் பை, ஜெல், தடித்த நாக்கு என்று எல்லாம் சேர்ந்தன. 'ஒசிரிஸ் டி3' அந்தக் காலத்துக் குண்டு ஷூக்களின் ராஜா. ஆனால் குண்டு ஷூ போட்டால் காலுக்கடியில் பலகை இருப்பதே சரியாகத் தெரியாது. தெரியாவிட்டால் வித்தை தவறும். வித்தை தவறினால் விழ வேண்டியதுதான். எனவே சில ஆண்டுகளில் ஃபேஷன் தலைகீழானது. 2009ல் வந்த நைக்கி 'ஜனோஸ்கி' போன்ற மெல்லிய ஷூக்கள் கடைகளை நிறைத்தன.

மெத்தை வேண்டுமா, பலகையை உணர வேண்டுமா? இந்த இழுபறிதான் ஸ்கேட் ஷூவின் மொத்த வரலாறும். பதினேழு வயதுக்காரருக்கு இது ரசனைப் பிரச்சினை. நாற்பத்தேழு வயதுக்காரருக்கு, நாளை காலை மாடிப்படி இறங்க முடியுமா என்ற பிரச்சினை!

அப்படியானால் எதை வாங்குவது?

சோலில் முக்கியமாக இரண்டு வகை. வல்கனைஸ்டு வகையில் ரப்பர் பட்டையைச் சுற்றி ஒட்டி, சூளையில் சுட்டு இறுக்குவார்கள். மெல்லியது, நன்றாக வளையும், ஆனால் சீக்கிரம் தளர்ந்துவிடும். கப்சோல் வகையில், கிண்ணம் போல வார்த்த ரப்பருக்குள் ஷூவை உட்கார வைத்துத் தைப்பார்கள். கிண்ணத்துக்குள் மெத்தை வைக்க இடம் உண்டு, பக்கவாட்டு உறுதியும் அதிகம். முதலில் சில நாள் விறைப்பாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

வயதான ஸ்கேட்டருக்குப் பெரும்பாலும் கப்சோல்தான் தோது. மெல்லிய சோலை விட மனமில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2010களில் பல கம்பெனிகள் மெல்லிய சோலுக்குள் தடித்த நுரை இன்சோலை வைத்துக் கொடுக்கத் தொடங்கின. தனி இன்சோல் வாங்கியும் போடலாம். ஷூ கிழியாமல் இருந்தாலும் உள்ளே இருக்கும் நுரை அமுங்கிச் செத்துவிடும் என்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

இன்னொரு விஷயம்: வயதாக ஆகத் தசைநார்கள் தளர்ந்து பாதம் கொஞ்சம் அகன்று நீளும். இருபது வயதில் போட்ட சைஸ் ஐம்பதில் பொருந்தாமல் போகலாம். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்ப்பது நல்லது. விரல்களுக்கு இடம் வேண்டும், குதிகால் மட்டும் ஆடக்கூடாது.

ஷூ எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதும் உண்மை. காற்றில் இரண்டரைச் சுற்று சுழலும் '900' வித்தையை 2016ல் தன் 48வது வயதில் செய்து காட்டிய டோனி ஹாக், 2022ல் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். பிறகு மறுபடியும் பலகை ஏறினார்.

இவர்களுக்கு முன்னே இந்த விளையாட்டில் பெரிதாகத் தாத்தாக்கள் யாரும் இல்லை. 1970களிலும் 80களிலும் பையன்களாக இருந்தவர்கள்தான் ஸ்கேட்போர்டோடு சேர்ந்தே கிழவர்களாகும் முதல் பெரிய தலைமுறை. எந்த வயதில் நிறுத்துவது, எந்த ஷூவோடு தொடர்வது என்று சொல்லித்தர அவர்களுக்கு மூத்தவர்கள் இல்லை. அடுத்து வருபவர்களுக்கு இருப்பார்கள்.