தீய்ந்த கியர் ஆயில்: நான் பாதியில் விட்ட ஒரு பாடம்



போன வாரம் ஒரு பழைய மாணவன் போன் செய்தான். பெயர் வேண்டாம். ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். டீசல் ஜீப் ஒன்று வைத்திருக்கிறான், ஆட்டோமேட்டிக் கியர். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஒரு கேம்பர் டிரெய்லரைப் பின்னால் கட்டிக்கொண்டு, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஏற்காடு கிளம்பியிருக்கிறான். சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியதும் ஏதோ தீய்ந்த வாடை. இன்ஜின் டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நின்றது. "முள் சரியா இருக்கேன்னு ஓட்டிட்டேன் சார்" என்றான்.

அடுத்த ஒரு வளைவில் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. பிறகு மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. பின்னால் வந்த லாரியின் கிளீனர் பையன் குதித்து ஓடி வந்து சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறான். அவனால் இன்று நான்கு உயிர் இருக்கிறது.

"டீசல் வண்டிதானே சார், இழுக்கும்னு நெனச்சேன். இன்ஜின் சூடாகல, அப்புறம் எப்படி கியர் பாக்ஸ் மட்டும் வெந்துச்சு?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. இந்தப் பாடத்தை நான்தான் அவனுக்கு நடத்தினேன். ஜூலின் சோதனை. படம் வரைந்து பாகங்களைக் குறி, ஐந்து மதிப்பெண். அவனும் வாங்கினான். அது சாலையில் எங்கே வரும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மாட்டு வண்டியிலிருந்து தொடங்குவோம். உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வண்டி மை பார்த்திருப்பீர்கள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் தடவுவார்கள். தடவாவிட்டால் வண்டி கீச்சிடும், அச்சு சுடும். பாரம் ஏற ஏறச் சூடும் ஏறும் என்பது நம் வண்டிக்காரர்களுக்குப் பாடம் படிக்காமலே தெரியும். மயிலிறகு வண்டிக் குறளில் அளவு மீறினால் ஒடிவது அச்சு. இன்றைய வண்டியில் அச்சு ஒடிவதில்லை. அதற்கு முன்பே எண்ணெய் தீய்ந்துவிடுகிறது.

உராய்ந்தால் சூடு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வேலைக்கு எவ்வளவு சூடு என்று கணக்குப் போட மனிதனுக்கு வெகுகாலம் ஆனது. 1790-களில் ரம்போர்டு என்பவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீரங்கிக் குழாய் துளைப்பதைப் பார்த்து ஒரு சோதனை செய்தார். குதிரைகள் குழாயைச் சுழற்றின. குழாயைச் சுற்றி வைத்த தண்ணீர் இரண்டரை மணி நேரத்தில் கொதித்தது. அடியில் நெருப்பே இல்லை. 1840-களில் இங்கிலாந்தின் சால்போர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல், தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் வைத்து, எடைக் கற்களை மேலிருந்து இறக்கி அதைச் சுழற்றினார். தண்ணீரின் வெப்பநிலை இம்மியளவு உயர்ந்தது. அந்த இம்மியைப் பொறுமையாக அளந்தார். நாம் மனப்பாடம் செய்த "ஒரு கலோரி 4.2 ஜூல்" அந்த வழியில் வந்ததுதான்.

அந்தத் துடுப்புச் சக்கரம்தான் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்குள் இருக்கிறது, பிள்ளைகளே.

1905-இல் ஜெர்மனியின் ஸ்டெட்டின் கப்பல் தளத்தில் வேலை பார்த்த ஹெர்மன் பொட்டிங்கர் என்ற பொறியாளருக்கு ஒரு சிக்கல். நீராவி டர்பைன் அசுர வேகத்தில் சுற்றும், கப்பலின் விசிறி மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டையும் பல்சக்கரத்தால் இணைக்காமல் திரவத்தால் இணைத்தார். ஒரு பக்கத்துத் துடுப்பு திரவத்தைத் தள்ளும், அந்தத் திரவம் எதிர்ப்பக்கத்துத் துடுப்பைச் சுழற்றும். இரண்டு டேபிள் பேனை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் போட்டால் மற்றதும் சுற்றும் அல்லவா, அதே கதைதான். இதிலிருந்து வந்ததுதான் டார்க் கன்வர்ட்டர்.

இரண்டு துடுப்பும் ஒரே வேகத்தில் சுற்றினால் நட்டம் குறைவு. பாரம் அதிகமாகி, வெளிப்பக்கத்துத் துடுப்பு பின்தங்கினால், அந்த வித்தியாசம் முழுக்க எண்ணெயைக் கலக்குவதில் போகிறது. கலக்கினால் சூடு. ஜூல் செய்ததும் இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம், பழக்கம் விடவில்லை. மலை ஏறும்போது இன்ஜின் 40 கிலோவாட் கொடுக்கிறது, கன்வர்ட்டரில் கால் பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோவாட் எண்ணெய்க்குள் போகிறது. ஒரு கிலோவாட் இஸ்திரிப்பெட்டி பத்தை எட்டு லிட்டர் எண்ணெய்க்குள் முக்கி வைத்ததற்குச் சமம். அந்தச் சூடு வெளியே போக வழியே இல்லையென்றால் எண்ணெய் நிமிடத்துக்கு 40 டிகிரிக்கு மேல் ஏறும். உலோக உடல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கூலர் கொஞ்சம் கழிக்கும். அதனால்தான் வண்டிகள் பிழைக்கின்றன. கேம்பரைக் கட்டிய நாளில் அந்தக் "கொஞ்சம்" போதாமல் போகிறது.

அவன் டீசல் இன்ஜின் குறைந்த வேகத்திலேயே நன்றாக இழுக்கும், தன்னையும் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். டேஷ்போர்டு முள் காட்டுவது இன்ஜினைச் சுற்றும் தண்ணீரின் சூட்டை. கியர் ஆயில் சூட்டுக்குப் பல வண்டிகளில் முள்ளே கிடையாது. அவன் பார்த்த முள் பொய் சொல்லவில்லை. அவன் கேட்க வேண்டியதற்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சூட்டோடு உலகம் பட்ட பாடு பெரிய கதை. 1939-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக்கை ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் அது டாங்கிகளுக்குள்ளும் போனது. 1948-இல் ப்யூக் கார்களில் வந்த டைனாஃப்ளோ, சாதாரண ஓட்டத்தில் முழுக்க டார்க் கன்வர்ட்டரை நம்பியே ஓடியது. வெண்ணெய் போல வழுக்கும். அந்த வழுக்கலுக்கு எரிபொருளும் சூடும்தான் விலை. 1949-இல் பேக்கார்டு ஒரு வழி செய்தது. வண்டி வேகம் பிடித்ததும் இரண்டு துடுப்பையும் ஒரு கிளட்ச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இதுதான் லாக்-அப். வழுக்கல் நின்றால் சூடும் நின்றது. எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பலர் இதைக் கண்டுகொள்ளவில்லை. 1970-களின் பெட்ரோல் நெருக்கடிக்குப் பிறகுதான் பரவலாகத் திரும்பி வந்தது.

எண்ணெயின் கதை இன்னும் வருத்தமானது. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். சூட்டைத் தாங்கும், கிளட்ச் தட்டுகளை நடுங்காமல் பிடிக்க வைக்கும். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலங்களைக் காக்க அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகு, ஆயில் செய்கிறவர்கள் மாற்றுக்கு அலைந்தார்கள். இன்று நாம் ஊற்றுகிற ஆயில் அந்தத் தேடலின் வழியில் வந்தது. ஒரு தலைமுறைக் கார்களின் கியர் பாக்ஸ் ஒரு கடல் உயிரை நம்பி ஓடியது என்று நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ஒரு காலத்தில் ராமானுஜர் அவதரித்த தலம், ஏரி, நெல் வயல். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அடிக்கல் நாட்டியது, 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடத்தில், 2010-இல் ரெனோ நிசான், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி செய்யும் டெய்ம்லர் என்று வரிசையாக வந்தார்கள். லாரி, பஸ், டம்பர்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் செய்யும் அல்லிசனும் அங்கேதான் இருக்கிறது. 1915-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ரேஸ் கார் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அது. வண்டிகளைச் சோதித்துப் பார்க்கும் அரசு மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. என்னிடம் படித்தவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சாலையில்தான் சோறு தின்கிறார்கள். கியர் பாக்ஸ் செய்கிற ஊரில் இருந்துகொண்டு அதன் சூட்டைப் பற்றித் தெரியாமல் மலை ஏறுவது நியாயமா?

டிரெய்லர் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் வண்டியின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று பாருங்கள். அதில் டிரெய்லர் மட்டுமல்ல, உள்ளே ஏற்றும் தண்ணீரும் சாமானும் சேர்த்தி. ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கூலர், ஆயிலை இன்ஜின் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. பாரம் இழுக்கக் காற்றால் குளிரும் தனிக் கூலர் வேண்டும். ஆயில் சூட்டுக்குத் தனி மீட்டரும் போடுங்கள்.

ஏற்றத்தில் 'டி'யில் விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். கையால் கீழ்க் கியரைப் பிடித்து, நிதானமாக ஏறுங்கள். வாடை வந்தால் ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, கியரை 'பி'யில் வைத்து, இன்ஜினை அணைக்காமல் சில நிமிடம் ஓட விடுங்கள். அணைத்தால் ஆயிலைச் சுற்றும் பம்பும் நின்றுவிடும். அதிகாலையில் கிளம்புங்கள். 100 டிகிரி ஆயிலுக்கு 25 டிகிரி காற்றும் கத்திரி வெயிலின் 40 டிகிரி காற்றும் ஒன்றல்ல. வித்தியாசம் 75-இலிருந்து 60-ஆகக் குறைந்தால் கூலரின் வேலையும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் மட்டும் விடாதீர்கள். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் எத்தனை லாரிகள் அப்படிப் போய் மோதியிருக்கின்றன என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். இறங்கும்போது பாரத்தின் ஆற்றல் எங்காவது சூடாக மாறித்தான் ஆக வேண்டும். கீழ்க் கியரில் இருந்தால் இன்ஜின் ஒரு பங்கு வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் எல்லாம் பிரேக்கின் தலையில்.

ஏற்காட்டுப் பையன் ஆயிலை இறக்கிப் பார்த்தானாம். சிவப்பாக இருக்க வேண்டியது டீக்கடை டிக்காஷன் நிறத்தில் இருந்ததாம். கிளட்ச் தட்டுகள் போய்விட்டன. செலவு பெரிது. போனது இரும்பு மட்டும்தான், அது போதும்.

"அந்தக் கிளீனர் பையன் பேரைக்கூடக் கேக்கல சார்" என்றான் கடைசியில். அடுத்த முறை ஏற்காடு போகும்போது மலையடிவாரத்துக் கடைகளில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால் நானும் போய்ப் பார்க்க ஆசை.

ஒரகடத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகளே, நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். இப்போது உங்கள் முறை, நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்