டைட் பண்ணின ஸ்க்ரூ மறுபடியும் லூஸ் ஆகுதா? காரணம் இதுதான்!

பார்சலில் வந்து, நாமே மாட்டிய அலமாரி ஆட ஆரம்பித்துவிட்டதா? தப்பு பெரும்பாலும் ஸ்க்ரூவில் இல்லை, பலகையில்தான். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு அது. டிரில் மெஷினால் விடாமல் முடுக்கினால், ஓட்டைக்குள் தூள் உதிர்ந்து பிடிப்பே போய்விடும். கையால் முடுக்குங்க, இறுகியதும் நிறுத்திடுங்க.

கதவு கீல் ஏற்கெனவே தொங்குதா? ஸ்க்ரூவைக் கழற்றி, ஓட்டைக்குள் மரப்பசை விட்டு, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை நெருக்கமாகச் செருகுங்க. மரக்குச்சிதான் வேணும், மெழுகுக்குச்சி ஆகாது! நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, ஒரு நாள் காயவிட்டு, அதே ஸ்க்ரூவை மாட்டலாம். தண்ணீரில் உப்பிப்போன பலகைக்கு இந்த வைத்தியம் எடுபடாது, மாற்றத்தான் வேண்டும்.

இடம் மாற்றும்போது தரையில் இழுக்காதீங்க, தூக்கி வையுங்க. இழுத்தால் மூட்டெல்லாம் தளரும். சின்னக் குழந்தைகள் டிராயரைப் பிடித்து ஏறுவார்கள். அலமாரியைச் சுவரோடு சேர்த்து பிராக்கெட் அடித்துவிடுங்க.